பன்னிரண்டாவது ஆஸ்பத்திரி

அத்தியாயம் 4

கடிதத்தில் மூன்றே வரிகள். கம்ப்யூட்டரில் அடித்து, நாலாக மடித்து, இன்று காலை ஆக்ஸிஜன் கம்பெனியின் கேட்டில் இருந்த தபால் பெட்டியில் போட்டிருந்தார்கள்.

‘உங்கள் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் இன்று மாலை 4.07க்கு ஆக்ஸிஜன் தீரும். எது என்று உங்கள் ஒத்திகையையே கேளுங்கள். இதற்கு முன் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் நடந்தது.’

சுவர்க் கடிகாரத்தில் மணி 12.50.

டீச்சர் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். காப்பியடித்தவனைக் கண்டுபிடிப்பதும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் ஒன்றுதான், இரண்டு பேருமே தப்பான விடையைத்தான் ஒரே மாதிரி எழுதுவார்கள் என்பது அவர் கட்சி.

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் அவருடைய கணவரின் தம்பி. பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து ‘வால்’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, முப்பத்துநாலு வயதில் அதுவே நிலைத்துவிட்டது.

“அண்ணி, கேட்ல என்ன எழுதியிருக்கு பார்த்தீங்களா? ‘பதினோரு ஆஸ்பத்திரிகளின் மூச்சு நாங்கள்.’ லாரிக்கு லாரி அதையேதான் எழுதி வெச்சிருக்காங்க. இந்த ஆளு பன்னிரண்டுங்கறான். உங்க கிளாஸ்ல ஃபெயில் ஆனவனா இருப்பானோ?”

“வாயை மூடு. முதல்ல இவங்க பேசட்டும்.”

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பேச்சு சுலபத்தில் வரவில்லை. இந்த ஆக்ஸிஜன் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை அவள் பொறுப்பில் இருந்தது. டிரைவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஒத்திகைக்காரி’. மூன்று திரைகளின் நீல வெளிச்சத்தில் அவள் முகம் காய்ச்சல்காரியின் முகம் போலிருந்தது.

“நிஜ வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்குள்ள வண்டியை விட்டுப் பார்ப்போம் மேடம். அதுதான் ஒத்திகை. ஒரு லாரி பஞ்சரானா? ஒரு ஆஸ்பத்திரியில திடீர்னு பத்து பேஷன்ட் கூடினா? ரோடு அடைபட்டா? நூறு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, எங்க எத்தனை சிலிண்டர், எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு முடிவு பண்ணுவோம். அப்புறம்தான் நிஜம்.”

“நானும் நிறைய ஒத்திகை பார்த்தவன்தான்” என்றான் வால். “நிஜப் பரீட்சையையே ஒத்திகைன்னு நினைச்சு எழுதிட்டு வந்தேன்.”

ஒத்திகைக்காரி அவனைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தாள்.

“இந்த ஒத்திகை வந்து பதினோரு மாசம் ஆச்சு. ஒரு ஆஸ்பத்திரியில கூட ஆக்ஸிஜன் தீர்ந்ததில்ல. இந்தத் திங்கட்கிழமை முதல் கடிதம் வந்துச்சு. சொன்ன மாதிரியே மூணாவது ஆஸ்பத்திரிக்குப் போற லாரி வழியில தங்கிடுச்சு. புதன்கிழமை ரெண்டாவது கடிதம். ஏழாவது ஆஸ்பத்திரி. டிரைவருங்களைக் கேட்டா ‘ரோட்ல தாமதம்’னு சொல்றாங்களே தவிர, அதுக்கு மேல ஒரு வார்த்தை பிடுங்க முடியல.”

“யாருக்காவது உயிர்...?”

“இல்ல மேடம். அதுதான் புரியல. ரெண்டு தடவையும் கடைசி நிமிஷத்துல ஒரு சின்ன வெள்ளை வேன் வந்து இருபது சிலிண்டரை இறக்கிட்டு, இருபது காலியை ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. கம்பெனி வண்டின்னு ஆஸ்பத்திரிக்காரங்க நினைச்சிருக்காங்க. நாங்க அனுப்பவே இல்ல.”

டீச்சர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கழுத்தை நெரிக்க வந்தவன் எதுக்கு விசிறி விட்டுட்டுப் போகணும்?”

ஒத்திகைக்காரியின் கைபேசி அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள். “மாஸ்க் போட்டிருக்காங்களா? தூங்கறாளா? சரி... சரிங்க.” வைத்தபோது கண்கள் நிரம்பியிருந்தன.

“என் பொண்ணு மேடம். சிட்டுன்னு கூப்பிடுவோம். அஞ்சு வயசு. நிமோனியா. நேத்து அஞ்சாவது ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூச்சு ரொம்பத் திணறுதுன்னு காலையில ஏழு மணிக்கு ஒன்பதாவது ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. அங்கதான் குழந்தைங்களுக்குத் தனி வார்டு இருக்கு. வீட்டுக்காரர் கூட இருக்கார். மாத்தினது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்ற நிலைமையில நான் இல்ல.”

“நீங்க அங்க போகலையாம்மா?” வாலின் குரலில் இப்போது குறும்பு இல்லை.

“நான் இங்க உட்கார்ந்தாத்தான் தம்பி அங்க காத்து போகும். அதோட, இந்த வேலையை உள்ளே இருக்கிற ஆள்தான் செய்யறாங்க, அது நான்தான்னு மேனேஜர் நினைக்கிறார். இன்னைக்கும் ஏதாவது நடந்தா சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைச்சிடுவார்.”

டீச்சர் திரையைக் காட்டினார். “இன்னைக்கு ஒத்திகை என்ன சொல்லுது?”

அவள் ஓட்டினாள். பதினோரு வரிகளும் பச்சையாக வந்தன. 4.07க்கு எங்கேயும் எதுவும் இல்லை. எல்லா வண்டிகளும் சரியாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டி ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டால்தான் நிஜ நிலவரம் திரைக்கு வரும். அதுவரை ‘வழியில்’ என்று மட்டுமே காட்டும்.

வாலுக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. சிவப்பாக ஒரு வரியாவது இருந்திருந்தால் அங்கே ஓடலாம். எல்லாம் பச்சை என்றால் எங்கே ஓடுவது?

“அவன் என்ன பண்ணியிருக்கான்னு இந்த மெஷினுக்குத் தெரியாது” என்றார் டீச்சர். “ஆனா இந்த மெஷின் எப்படி யோசிக்கும்னு அவனுக்குத் தெரியும். மிரட்டறவன் நாலு மணிம்பான், மிஞ்சினா நாலரைம்பான். நாலு ஏழுன்னு எந்த மனுஷனும் மிரட்ட மாட்டான். அது மெஷின் சொன்ன நேரம். இந்தக் கடிதத்தை எழுதினவன் உங்க ஒத்திகையை ஓட்டிப் பார்த்திருக்கான்.”

“என்னைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது மேடம். இங்க இருக்கு, வீட்டுல என் லேப்டாப்ல இருக்கு. வீட்டுல யார் அதைத் தொடப்போறாங்க?”

“சரி. பன்னிரண்டு எங்க இருக்கு?”

“பன்னிரண்டா? அது...” அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு திரையை மெல்லக் கீழே உருட்டினாள். பச்சை வரிகளுக்கு அடியில், சாம்பல் நிறத்தில், யாரும் கவனிக்காத இடத்தில் இன்னொரு வரி.

‘12. பழைய ஐஸ் ஃபேக்டரி, இரண்டாவது ஷெட். இருப்பு: 40.’

“இது டம்மி மேடம். அப்படி ஒரு ஆஸ்பத்திரியே கிடையாது. எனக்கு முன்னாடி இருந்தவர் கொடுத்த லிஸ்ட்ல இருந்துச்சு. அழிச்சுப் பார்த்தேன், ஒத்திகை ஓடவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. சரி, கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நிஜ வண்டி அங்க போகாத மாதிரி மட்டும் பூட்டு போட்டு வெச்சேன்.”

“அந்த நாற்பது?”

“அதுவும் லிஸ்ட்ல இருந்ததுதான். ஒவ்வொரு ஒத்திகையும் அங்க நாற்பது சிலிண்டரோட ஆரம்பிக்கும். ஒத்திகையில எத்தனை எடுத்தாலும், அடுத்த தடவை திரும்ப நாற்பதுதான் காட்டும்.”

“அட்சய பாத்திரம்!” என்றான் வால்.

டீச்சர் எழுந்துவிட்டார். “வெளியாளா இருந்தா கேட்ல இருக்கிறதைப் பார்த்துப் பதினொண்ணுன்னு எழுதியிருப்பான். பன்னிரண்டுன்னு எழுதினவனுக்கு அது டம்மி இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் இப்ப எங்க இருக்கார்?”

“இருபத்திரண்டு வருஷம் இங்க இருந்தவர். ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கார்” என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் முகத்தைத் திருப்பியதை டீச்சர் பார்த்தார். கேட்கவில்லை. நேரம் 1.15.

பழைய ஐஸ் ஃபேக்டரி ஊருக்கு வெளியே, லாரி பட்டறைகளைத் தாண்டி இருந்தது. வாலின் கார் மேடு ஏறும்போதெல்லாம் இருமியது.

“அண்ணி, ஒரு சந்தேகம். அங்க ஆள் இருந்தா?”

“பேசுவோம்.”

“அந்த ஆள் கையில கத்தி இருந்தா?”

“நீ பேசு.”

வால் சிரிக்க முயன்றான்.

சுற்றுச்சுவர் பாதி இடிந்து கிடந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. தகரக் கூரை வெயிலில் ‘டக், டக்’ என்று தானாகச் சத்தம் போட, ஒவ்வொரு சத்தத்துக்கும் வால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். முதல் ஷெட்டின் கதவு துருப்பிடித்து மண்ணோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது ஷெட்டின் கதவு அப்படியில்லை. பூட்டில் எண்ணெய் மினுமினுத்தது. வாசல் புழுதியில் டயர் தடம். குறுகலான தடம், சின்ன வண்டியுடையது.

“பூட்டைத் தொடாதே. கீலைக் கழட்டு” என்றார் டீச்சர்.

“படிச்ச குடும்பம்னு வெளியில சொல்லிக்கிறோம்” என்று முணுமுணுத்தபடி வால் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருட்டு. கைபேசி வெளிச்சத்தை அடித்தவன் அப்படியே நின்றான்.

வரிசையாக, ஆள் உயரத்துக்கு, தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருந்தார்கள். மனிதர்கள் இல்லை, சிலிண்டர்கள் என்று புரிய அவனுக்கு இரண்டு நொடி ஆயிற்று. வரிசைக்குப் பத்து, நாலு வரிசை.

“நாற்பது! அண்ணி, நாற்பது! கணக்கு சரியா இருக்கு. எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன, இதை ஏத்திக்கிட்டுப் போனா முடிஞ்சுது! நான் வேன் பிடிக்கிறேன்.”

“இரு.” டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது. “கழுத்தைப் பாரு. நிரப்பி வர்ற சிலிண்டருக்கு மூடியில சீல் இருக்கும்.”

முதல் சிலிண்டரில் சீல் இல்லை. இரண்டாவதில் இல்லை. சுவரில் சங்கிலியில் தொங்கிய சாவியை எடுத்து, முதல் சிலிண்டரின் வால்வைத் திருகினான் வால். ‘உஸ்’ என்று சீற வேண்டும்.

சத்தமே இல்லை.

அடுத்தது. சத்தமில்லை. ஓடிப்போய் நாலாவது வரிசையில் ஒன்று. அதுவும் ஊமை. அந்த மௌனம் நாற்பது மடங்காகி ஷெட்டை நிறைத்தது.

“இரும்பு மட்டும்தான் அண்ணி இருக்கு. காத்து இல்ல.”

“ரெண்டு தடவை இருபது இருபதா போச்சு. இருபது இருபதா காலி வந்து நின்னிருக்கு. இன்னைக்குக் கொடுக்க அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல.” டீச்சர் மெதுவாகச் சொன்னார். “வால், எனக்கு இப்பதான் நிஜமாவே பயமா இருக்கு.”

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. செருப்புச் சத்தம் நிதானமாக நெருங்கியது. வாசல் வெளிச்சத்தை ஓர் உருவம் அடைத்தது.

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் சாவி. எழுபதை நெருங்கிய மனிதர். அவருக்குப் பின்னால் வெள்ளை வேனிலிருந்து ஒரு வேன்காரர் இறங்கிக்கொண்டிருந்தார்.

“யாரு நீங்க? என் ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்ன வேலை?” என்று அதட்டினார் பெரியவர்.

“வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்தோம்” என்றார் டீச்சர். “இருபத்திரண்டு வருஷம் கன்ட்ரோல் ரூம்ல இருந்தவர் நீங்கதானே? உங்க வீட்டு லேப்டாப்ல ஒத்திகையை ஓட்டிப் பார்த்தது வீட்டு ஆள்தான். பாஸ்வேர்டு பேத்தி பிறந்த நாளாத்தான் இருக்கும். சரியா?”

பெரியவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“உங்க மருமக உங்க பேச்சை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மாமனார்னு சொல்ல வாய் வரல. எத்தனை நாளா பேச்சு இல்ல?”

“பதினோரு மாசம்” என்றார் அவர். பிறகு, மறைக்க எதுவும் இல்லை என்பது போலத் தோளை நிமிர்த்தினார். “எனக்கு ஒரு ஃபோன், ஒரு போர்டு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு உயிர் போகல. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வந்த மூணாம் மாசம் மெஷினைக் கொண்டாந்து வெச்சா. போர்டைக் கழட்டிட்டாங்க. என்னையும்தான். அந்த மெஷினுக்கு ஒரு வண்டி நின்னா தாங்காதுன்னு காட்டணும். காட்டினேன். யாரும் சாகப்போறதில்ல. கடைசி நிமிஷத்துல நான் போய் நிப்பேன். இன்னைக்கு வேனோட உள்ளேயே போய், நான் யாருன்னு சொல்லப்போறேன்.”

“இதை வெச்சுக்கிட்டா?”

“ஏன்? நாற்பதும் தயாரா இருக்கே.”

டீச்சர் கண்ணைக் காட்டினார். வால் சாவியை எடுத்து, பெரியவர் முகத்துக்கு நேரே ஒரு வால்வை முழுசாகத் திறந்தான்.

பெரியவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்க ஒன்றும் இல்லை. அவர் பார்வை வேன்காரரிடம் போயிற்று.

“ஐயா, நான் காலியைத்தானே கொண்டாந்து வெச்சேன்” என்று பதறினார் வேன்காரர். “கம்பெனி லாரி வந்து தினம் நிரப்பிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நிரப்பும்டா! லிஸ்ட்ல பன்னிரண்டாவதா எழுதிக் கொடுத்தேனே! அவசரத்துக்குக் கைவசம் இருக்கட்டும்னு என் காலத்துலயே ஒளிச்சு வெச்ச சரக்கு இது. லிஸ்ட்ல இருந்தா வண்டி வரும். தினம் ஸ்க்ரீன்லயும் பார்க்கிறேன், நேத்து பார்த்தேன், இன்னைக்குக் காலையிலயும் பார்த்தேன். நாற்பதுன்னுதான் இருக்கு!”

“அது உங்க மருமக மாத்தாம விட்ட நாற்பது” என்றார் டீச்சர். “டம்மின்னு நினைச்சு வண்டியை நிறுத்திட்டாங்க. நீங்க எத்தனை எடுத்தாலும் அது நாற்பதுன்னுதான் சொல்லும். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில ‘இந்தப் பன்னிரண்டு என்னது மாமா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். சீக்கிரம் சொல்லுங்க, இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரி?”

பெரியவர் வாசலில் நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒன்பது.”

வால் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

“லாரி எங்கே?”

“பாலம் அடைச்சிருக்குன்னு ஃபோன் பண்ணி, குவாரி ரோட்ல திருப்பிவிட்டேன். அங்க டவர் கிடையாது. அஞ்சரைக்கு முன்னாடி வெளியில வராது. கூப்பிடவும் முடியாது.” பெரியவர் காலிச் சிலிண்டரில் சாய்ந்தார். “ஐயோ... அங்க எத்தனை பேர்... நான் அஞ்சை மட்டும் தொடவே இல்லைங்க. அஞ்சுல என் பேத்தி இருக்கா. அஞ்சுக்கு ஒரு ஆபத்தும் வராத மாதிரி ஓட்டிப் பார்த்துத்தான் ஒன்பதை எடுத்தேன்.”

டீச்சர் அவரையே பார்த்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவர்தான். இதைச் சொல்ல அவர் ஒரு எட்டு நெருங்கி வந்தார்.

“சிட்டு அஞ்சுல இல்லைங்க. காலையில ஏழு மணிக்கு மாத்திட்டாங்க.”

“எங்க?”

“குழந்தைங்களுக்குத் தனி வார்டு இருக்கிற இடத்துக்கு.” அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. பெரியவர் கையிலிருந்த சாவி சிமென்ட் தரையில் விழுந்து ஒலித்தது.

மணி 2.20.

ஒத்திகைக்காரி போனில் எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள், கத்துவாள் என்று வால் எதிர்பார்த்தான். கீ போர்டு சத்தம் மட்டும் கேட்டது.

“பன்னிரண்டுல சைபர் போட்டுட்டேன். ஒன்பதாவது லாரி அஞ்சரைக்குன்னு மாத்திட்டேன்.” அவள் குரல் தட்டையாக இருந்தது. அந்தத் தட்டைதான் பயமாக இருந்தது. “ஓட்டறேன்.”

நூறு தடவை ஓட அந்த மெஷினுக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஷெட்டில் நாலு பேரும் கைபேசியைச் சுற்றி நின்றார்கள். தகரம் டக்கென்றது.

“ஆக்ஸிஜன் நிரப்பற ஃபேக்டரியில இருந்து புது வண்டி அனுப்பினா மூணு மணி நேரம், வேலைக்காகாது. ரெண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போற லாரி இப்ப கூட்டு ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கணும். ரெண்டுல நாளைக்குக் காலை வரைக்கும் கையிருப்பு தாங்கும். அந்த லாரியை ஒன்பதுக்குத் திருப்பினா...” நிறுத்தினாள்.

“திருப்பினா?” என்றார் டீச்சர்.

“நூறுல அறுபத்துமூணு தடவை 4.07க்கு முன்னாடி சிலிண்டர் மாட்டியாச்சு. மீதி முப்பத்தேழு தடவை...” மூச்சை இழுத்தாள். “ரோட்ல நேரம் போகல. ஆஸ்பத்திரி கேட்லதான் போகுது. செக்கிங், டோக்கன், க்யூ. அங்க ஒரு கால் மணி நேரம் தின்னுடுது.”

அதுவரை தலையைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று எழுந்தார்.

“முன்பக்கம் எதுக்குப் போகணும்? ஒன்பதுல பின்பக்கம் துணி வெளுக்கிற இடத்துக்கு ஒரு கேட் இருக்கு. அதுக்கு நேரே எதிர்லதான் சிலிண்டர் ரூம். வாட்ச்மேன்கிட்ட முன்கூட்டியே சொன்னா திறந்து வெப்பான்.” கைபேசியை நோக்கிக் குனிந்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. “அம்மா... அந்த கேட் உன் மெஷின்ல இருக்காது. போட்டு ஓட்டிப் பாரும்மா.”

எதிர்முனையில் கீ போர்டு சத்தம் நின்றது. இவள் இப்போது போனை வைத்துவிட்டால்?

“கேட்ல இருந்து சிலிண்டர் ரூமுக்கு எத்தனை நிமிஷம் மாமா?”

“தள்ளுவண்டியில ரெண்டு நிமிஷம்.”

கீ போர்டு சத்தம். ஒரு நிமிஷம்.

“தொண்ணூத்தொண்ணு” என்றாள்.

“நூறு ஆகாதா?” என்று கேட்டான் வால். சின்னப் பிள்ளை கேட்பது போலிருந்தது அவனுக்கே.

“ஆகாது தம்பி. வாட்ச்மேன்கிட்ட என் வீட்டுக்காரரைப் போகச் சொல்றேன். மாமா, டிரைவர்கிட்ட நீங்களே பேசுங்க. நான் சொன்னா ‘மெஷின் சொல்லுதா?’ன்னு நிப்பான். உங்க குரலுக்குத்தான் கேள்வி கேட்காம திரும்புவான்.”

மூன்று லாரிகளை நிறுத்திய அதே கைபேசியை எடுத்தார் பெரியவர். நம்பர் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை வால் அழுத்திக் கொடுத்தான்.

“நான் பெரியவர் பேசறேன்டா. எங்க இருக்கே? கூட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?... நல்லதாப் போச்சு. வண்டியைத் திருப்பு. ஒன்பதுக்கு. பின் கேட். ஏன்னு கேட்காதே. என் பேத்தி உள்ளே இருக்காடா.”

டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

3.30. கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்த லாரி இன்னும் ‘வழியில்’.

3.48. ஒத்திகைக்காரியின் இன்னொரு போனில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவர் இருந்தார். சிலிண்டர் ரூமில் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக்குள் போய்விட்டதாக நர்ஸ் ஓடிவந்து சொன்னாளாம். வார்டில் பதினாலு குழந்தைகள்.

3.55. “அண்ணி, ஏதாவது பேசுங்களேன்” என்றான் வால்.

“நீ பேசு.”

“எனக்கு ஒண்ணும் வரல அண்ணி.”

அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியத்தை டீச்சர் கேட்டதில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் இருந்த காலத்தில்கூட அவ்வளவு சில்லென்று எதுவும் இருந்திருக்காது.

4.00. போனில் ஒத்திகைக்காரியின் மூச்சு மட்டும் கேட்டது. வேகமாக, மேலோட்டமாக, மகளுக்குப் பதிலாக அவளே திணறுவது போல.

4.03. திரை ஒரு தடவை மினுக்கியது என்றாள். ‘வழியில்’ என்பது மாறவில்லை. பின் கேட்டில் வண்டியைப் பதியும் கருவி கிடையாது என்று பெரியவர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். லாரி உள்ளே போயிருந்தாலும் தெரியாது. போகாவிட்டாலும் தெரியாது.

4.05. கணவர் பேசிக்கொண்டிருந்த போனை ஒத்திகைக்காரி ஸ்பீக்கரில் போட்டாள். அதிலிருந்து ஏதோ ஓடும் காலடிகள். ஒரு கதவு. யாரோ “நகருங்க, நகருங்க” என்றார்கள். பிறகு இரும்பில் இரும்பு மோதும் சத்தம்.

4.07.

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

4.08.

“கேக்குதா?” என்றது கணவரின் குரல், உடைந்து. “மாட்டிட்டாங்க. முள் ஏறுது. சிட்டு... சிட்டு நல்லா இருக்கா. கண்ணைத் திறந்து, ஏன்பா இப்படி ஓடறேன்னு கேக்கறா.”

வால் தரையில் அப்படியே உட்கார்ந்தான். வேன்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பெரியவர் கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“அம்மா... நான் போலீஸ்ல போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். உன்மேல ஒரு சொல் வராது. அதுக்கு முன்னாடி... அந்தப் பன்னிரண்டை அழிச்சிடும்மா. அது இருக்கவே வேண்டாம்.”

“அழிச்சா ஓடாது மாமா. சைபராவே இருக்கட்டும்.” சற்று நிறுத்தினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் நடந்துது. அது நல்லபடியா முடிஞ்சுது. நான் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதுல ஒன்பது தடவை லாரி வரல. அந்த ஒன்பதையும் நான் ஸ்க்ரீன்ல பார்த்துட்டேன் மாமா.”

போன் வைக்கப்பட்டது.

வால் மெல்ல எழுந்து, திறந்து கிடந்த காலி வால்வுகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தான்.